ஷெல் திறக்கும்போது எந்தக் கோப்பு ஓடுகிறது? லினக்ஸ் கேள்வி - பதில்

ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) தொடங்கும்போது தானாகப் படிக்கும் கோப்புகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பாத், ஹோம், ஷெல், லாங் போன்ற மாறிகளின் பெயர்கள் மட்டும் பேரெழுத்தில் வரவேண்டும். புள்ளி, கோடு, மேற்கோள் குறி, இடைவெளி எல்லாம் அச்சில் உள்ளபடியே இருக்கட்டும்.

கேள்வி: உபுண்டுவில் ஒரே வரியை .பாஷ்ஆர்சி-யில் எழுதினால் ஓரிடத்தில் வேலை செய்கிறது, இன்னோரிடத்தில் செய்வதில்லை. .புரொஃபைல், .பாஷ்_புரொஃபைல் என்று வேறு கோப்புகளும் இருக்கின்றன. எதில் எதை எழுதுவது ஐயா?

பதில்: உபுண்டுவின் இயல்பான ஷெல்லான பாஷ் தொடங்கும்போது தன்னைப் பற்றி இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. நான் லாகின் ஷெல்லா? எதிரே ஆள் உட்கார்ந்து கட்டளை தட்டுகிறாரா, அதாவது இன்டராக்டிவ் ஷெல்லா? எந்தக் கோப்பைப் படிப்பது என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

எஸ்எஸ்ஹெச் (வலைவழியே வேறு கணினிக்குள் நுழையும் முறை) வழியாக நுழைந்தாலோ, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்தி வரும் கறுப்புத் திரையில் நுழைந்தாலோ கிடைப்பது லாகின் ஷெல். அது முதலில் /இடிசி/புரொஃபைல் கோப்பைப் படிக்கும். பிறகு உங்கள் ஹோம் அடைவில் .பாஷ்_புரொஃபைல், .பாஷ்_லாகின், .புரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும். மற்ற இரண்டையும் திரும்பிக்கூடப் பார்க்காது.

டெஸ்க்டாப்பில் டெர்மினல் ஜன்னலைத் திறந்தால் வருவது லாகின் அல்லாத இன்டராக்டிவ் ஷெல். அது /இடிசி/பாஷ்.பாஷ்ஆர்சி கோப்பையும், அடுத்து உங்கள் .பாஷ்ஆர்சி-யையும் படிக்கும். .புரொஃபைல் பக்கம் போகாது. ஸ்கிரிப்ட் ஓட்டும்போது உருவாகும் ஷெல்லோ இவற்றில் எதையுமே படிப்பதில்லை (பாஷ்_என்வ் என்ற மாறியில் ஒரு கோப்பைக் குறித்திருந்தால் அதை மட்டும் படிக்கும்).

எதை எங்கே எழுதுவது என்பதற்கு நாங்கள் சொல்லும் விதி ஒன்றுதான்: தாய் நிரலிலிருந்து சேய் நிரலுக்குத் தானாகப் போய்ச் சேருவது .புரொஃபைலில், போய்ச் சேராதது .பாஷ்ஆர்சி-யில். எக்ஸ்போர்ட் செய்த மாறிகள் சேய்க்குப் போகும். ஆகவே பாத் (நிரல்களைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியல்), எடிட்டர், ஜாவா_ஹோம் போன்றவற்றை லாகினில் ஒருமுறை அமைத்தால் போதும். அங்கிருந்து பிறக்கும் எல்லா நிரல்களுக்கும் கிடைக்கும். ஏலியாஸ் (கட்டளைக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர்), ஃபங்ஷன், ப்ராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரியின் முன்குறி) வடிவம், ஷாப்ட் (பாஷ்ஷின் நடத்தையை மாற்றும் கட்டளை) அமைப்புகள் ஆகியவை அப்படிப் போவதில்லை. ஒவ்வொரு ஷெல்லும் அவற்றைப் புதிதாகக் கற்க வேண்டும், அதனால் .பாஷ்ஆர்சி. உபுண்டுவில் ஏலியாஸ்களுக்கென்று .பாஷ்_ஏலியாசஸ் என்ற தனிக் கோப்பை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்; அது இருந்தால் .பாஷ்ஆர்சி அதையும் சேர்த்துப் படிக்கும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. .புரொஃபைலை மாற்றிவிட்டுப் புது டெர்மினல் ஜன்னல் திறந்தால் மாற்றம் தெரியாது. டெஸ்க்டாப்பிலிருந்தே முழுதாக வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். ஹோமில் பின் என்ற அடைவைப் புதிதாக உருவாக்கி அதில் ஸ்கிரிப்ட் போட்டவர்களுக்கும் இதேதான். உபுண்டுவின் .புரொஃபைல் அந்த அடைவு இருக்கிறதா என்று லாகின் நேரத்தில்தான் பார்த்து, இருந்தால் பாத்தில் சேர்க்கிறது. உடனடியாகச் சோதித்துப் பார்க்க:

. ~/.புரொஃபைல்

முன்னால் உள்ள புள்ளியும் இடைவெளியும் முக்கியம். இப்போதைய ஷெல்லுக்குள்ளேயே கோப்பைப் படி என்று அது சொல்கிறது. பாஷ்ஷில் சோர்ஸ் என்று அடித்தாலும் அதுவே. மாறாக, "பாஷ் ~/.புரொஃபைல்" என்று ஓட்டினால் ஒரு சேய் ஷெல் பிறந்து, எல்லாவற்றையும் தனக்கு அமைத்துக்கொண்டு, முடிந்துபோகும். உங்கள் ஷெல்லில் எதுவும் மாறியிருக்காது.

கேள்வி: நான் இருப்பது லாகின் ஷெல்லா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: "ஷாப்ட் லாகின்_ஷெல்" என்று அடியுங்கள் (இரண்டாம் சொல்லில் அடிக்கோடு உண்டு; இது மாறி அல்ல, எல்லாமே சிற்றெழுத்து). ஆன் அல்லது ஆஃப் என்று பதில் வரும். "எக்கோ $0" என்ற வழியும் உண்டு. "-பாஷ்" என்று முன்னால் கோடு வந்தால் லாகின். ஆனால் "பாஷ் -எல்" என்று நீங்களே தொடங்கிய லாகின் ஷெல்லில் அந்தக் கோடு வராது. முதல் வழியே நம்பகமானது. "எக்கோ $-" என்று கேட்டால் வரும் எழுத்துகளில் 'ஐ' இருந்தால் இன்டராக்டிவ்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 2019-இல் வந்த கேட்டலினா முதல் அங்கே புதிய கணக்குகளுக்கு இயல்பான ஷெல் இசட்-ஷெல். அது .பாஷ்ஆர்சி-யைத் தொடாது; .இசட்எஸ்ஹெச்ஆர்சி, .இசட்புரொஃபைல் ஆகியவற்றைத்தான் படிக்கும்.

கேள்வி: ஒரு மென்பொருளை நிறுவும்போது, ".பாஷ்_புரொஃபைலில் இந்த வரியைச் சேருங்கள்" என்று வழிகாட்டியில் இருந்தது. அந்தக் கோப்பு இல்லாததால் புதிதாக உருவாக்கினேன். அன்றிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்தால் ப்ராம்ப்ட் நிறமில்லாமல் இருக்கிறது, எல்எல் கட்டளையும் காணோம். இயந்திரம் உபுண்டு.

பதில்: எதுவும் அழியவில்லை. மேலே சொன்ன வரிசையில் .பாஷ்_புரொஃபைல் முதலில் வருகிறது. அது பிறந்ததும் பாஷ் .புரொஃபைலைப் படிப்பதை நிறுத்திவிட்டது. உபுண்டுவில் .பாஷ்ஆர்சி-யை லாகின் ஷெல்லுக்குள் அழைத்து வருவது .புரொஃபைல்தான். அது விடுபட்டதால் நிறமும் எல்எல் என்ற ஏலியாஸும் சேர்ந்தே போயின.

சிறந்த தீர்வு: அந்த வரியை .புரொஃபைலின் கடைசிக்கு மாற்றிவிட்டு .பாஷ்_புரொஃபைலை நீக்குங்கள். அந்தக் கோப்பு இருந்தே தீரவேண்டும் என்றால் அதன் முதல் வரியாக இதை எழுதுங்கள்:

[ -எஃப் ~/.புரொஃபைல் ] && . ~/.புரொஃபைல்

சதுர அடைப்புக்குறிகளின் உட்பக்க இடைவெளிகளை விட்டுவிடாதீர்கள். வழிகாட்டியை எழுதியவர் தவறாகச் சொன்னார் என்றும் கொள்ள வேண்டாம். ஃபெடோராவில் .பாஷ்_புரொஃபைல் முதலிலேயே இருக்கும், அதுவே .பாஷ்ஆர்சி-யையும் அழைக்கும், அங்கே அந்த அறிவுரை சரி. டெபியன், உபுண்டுவில்தான் இது வம்பு.

கேள்வி: .பாஷ்ஆர்சி-யில் பாத்தை மாற்றினேன். இப்போது எல்எஸ், நானோ எதை அடித்தாலும் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்கிறது. மறுபடி நிறுவ வேண்டியதுதானா?

பதில்: வேண்டவே வேண்டாம். பழைய பாத்தைச் சேர்க்காமல் புது அடைவை மட்டும் கொடுத்திருப்பீர்கள். நிரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஷெல்லுக்கு வழிதான் தெரியவில்லை. சிடி, எக்கோ, எக்ஸ்போர்ட் போன்றவை பாஷ்ஷுக்கு உள்ளேயே இருப்பதால் அவை இப்போதும் ஓடும். அதே ஜன்னலில் இதை அடியுங்கள்:

எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்

இப்போது நானோ திறக்கும். .பாஷ்ஆர்சி-யில் தவறான வரியை இப்படித் திருத்துங்கள்:

எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/டூல்ஸ்/பின்:$பாத்"

கடைசியில் வரும் $பாத் என்பதுதான் நீங்கள் விட்டது. இதே தவறை .புரொஃபைலில் செய்திருந்தால் விளைவு கடுமை: டெஸ்க்டாப் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, ஒரு நொடியில் மறுபடி லாகின் திரைக்கே திருப்பி அனுப்பும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி நுழைந்து, "/யூஎஸ்ஆர்/பின்/நானோ ~/.புரொஃபைல்" என்று முழுப் பாதையோடு அடித்துத் திருத்துங்கள்.

இன்னும் மோசமானது .பாஷ்ஆர்சி-யில் "எக்ஸிட்" என்று எழுதிவிடுவது. ஜன்னல் திறந்த வேகத்தில் மூடும். கறுப்புத் திரையும் உங்களை வெளியே தள்ளும், ஏனென்றால் அங்கே .புரொஃபைல் அதே .பாஷ்ஆர்சி-யைத்தான் அழைக்கிறது. டெஸ்க்டாப்பில் கோப்பு மேலாளரைத் திறந்து, கன்ட்ரோல்+ஹெச் அழுத்தி மறைந்த கோப்புகளைக் காட்டி, சாதாரண உரைத் தொகுப்பியில் திருத்திவிடலாம். தொலைவிலுள்ள சர்வர் என்றால்:

எஸ்எஸ்ஹெச் -டி பயனர்@சர்வர் பாஷ் --நோஆர்சி

டெபியன், உபுண்டுவின் .பாஷ்ஆர்சி மேற்பகுதியில் "இன்டராக்டிவ் இல்லையென்றால் இங்கேயே திரும்பிவிடு" என்று சில காவல் வரிகள் இருக்கின்றன. எக்ஸிட் அவற்றுக்குக் கீழே இருக்கும்வரை இந்த வழி பலிக்கும். "செட் -இ" என்ற வரியையும் தொடக்கக் கோப்புகளில் எழுதாதீர்கள். முதல் கட்டளை தோற்றதுமே ஷெல் மூடிக்கொள்ளும்.

தொடக்கக் கோப்பைத் திருத்துவதற்கு முன் ஒரு பிரதி எடுப்பது, திருத்தியபின் "பாஷ் -என் ~/.பாஷ்ஆர்சி" என்று இலக்கணத்தைச் சோதிப்பது, இரண்டாவது ஜன்னலில் நுழைந்து பார்க்கும்வரை முதல் ஜன்னலை மூடாமல் வைத்திருப்பது: எஸ்எஸ்ஹெச்சில் வேலை செய்பவர்கள் இந்த மூன்றையும் கட்டாயம் செய்ய வேண்டும். -என் சோதனை விடுபட்ட மேற்கோளையும் முடியாத இஃப்-ஐயும் பிடிக்கும். தவறான பாத்தைப் பிடிக்காது. எல்லாம் குழம்பிவிட்டால் /இடிசி/ஸ்கெல் அடைவில் தொடக்க நிலைக் கோப்புகள் இருக்கின்றன, அங்கிருந்து .பாஷ்ஆர்சி-யை நகல் எடுத்துக்கொள்ளலாம்.

சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விட்டால் பாஷ் மாறியின் பெயரையே கட்டளையாக நினைத்துத் தேடும். "~/டூல்ஸ்" என்று அலைக்குறியை மேற்கோளுக்குள் போட்டால் அது ஹோம் அடைவாக விரியாது. பாஷ் சமாளித்துக்கொள்ளும், மற்ற நிரல்கள் சமாளிக்காது. $ஹோம் என்றே எழுதுங்கள். வலைப்பக்கத்திலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்துவிடும். பாஷ்ஷுக்கு நேர் மேற்கோள் மட்டுமே தெரியும். விண்டோஸில் திருத்திய கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும்; பிழைச் செய்தியில் \ஆர் என்று தெரிந்தால் அதுதான் காரணம். "டாஸ்2யூனிக்ஸ்" என்ற சிறு நிரலை நிறுவிக் கோப்பை அதன் வழியே ஓட்டினால் சரியாகும்.

கேள்வி: பேக்கப் ஸ்கிரிப்ட் கையால் ஓட்டினால் ஓடுகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான் வழியாக ஓடுவதில்லை. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் "சோர்ஸ் ~/.பாஷ்ஆர்சி" என்று சேர்த்தும் பயனில்லை.

பதில்: கிரான் உங்கள் தொடக்கக் கோப்புகள் எதையும் படிப்பதில்லை. அது பயன்படுத்தும் ஷெல் /பின்/எஸ்ஹெச். கொடுக்கும் பாத் பொதுவாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் உள்ள நிரல்கூட அதன் கண்ணில் படாது.

சோர்ஸ் ஏன் உதவவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். டெபியன், உபுண்டுவில் /பின்/எஸ்ஹெச் என்பது பாஷ் அல்ல, டேஷ்; அதற்கு சோர்ஸ் என்ற சொல்லே தெரியாது, புள்ளிதான் தெரியும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரி பாஷ்ஷைக் குறித்திருந்தாலும் காவல் வரிகள் குறுக்கே நிற்கின்றன: கிரானில் ஆள் இல்லை, இன்டராக்டிவ் இல்லை, எனவே .பாஷ்ஆர்சி மேலேயே திரும்பிவிடுகிறது. கீழே நீங்கள் எழுதிய பாத் வரியை அது எட்டவே இல்லை.

கிரான்டேப்பின் (கிரானுக்கு வேலைகளைக் குறிக்கும் கோப்பு) மேல் வரியாகப் பாத்தை முழுமையாக எழுதுங்கள். அங்கே $பாத் விரியாது. ஒவ்வொரு அடைவையும் எழுத்துப்பட எழுத வேண்டும். கட்டளை வரியில் சதவீதக் குறி இருந்தால் அதற்கு முன்னால் \ போடுங்கள். இல்லையென்றால் கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும். தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்கும் பேக்கப் கட்டளைகள் பலவும் இதில்தான் தோற்கின்றன. கிரானுக்கு உண்மையில் என்ன தெரிகிறது என்று பார்க்க இந்த வரியைச் சேர்த்து ஒரு நிமிடம் காத்திருங்கள், பிறகு நீக்கிவிடுங்கள்:

* * * * * என்வ் > /டிஎம்பி/கிரான்.டெக்ஸ்ட்

கேள்வி: சர்வருக்கு எஸ்எஸ்ஹெச்சில் நுழைய முடிகிறது. கோப்புகளை அனுப்பும் எஸ்எஃப்டிபி மட்டும் "ரிசீவ்டு மெசேஜ் டூ லாங் 1466264675" என்று நின்றுவிடுகிறது. அவ்வளவு பெரிய கோப்பு எதையும் நான் அனுப்பவில்லையே?

பதில்: அந்த எண்ணிலேயே விடை இருக்கிறது. எஸ்எஃப்டிபி-யில் வரும் ஒவ்வொரு செய்தியும் தன் நீளத்தை முதல் 4 பைட்டுகளில் சொல்லும். உங்கள் எண்ணை 4 பைட்டுகளாகப் பிரித்தால் 87, 101, 108, 99 என்று வரும். ஆஸ்கி அட்டவணையில் இவை "வெல்கம்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள், முதல் எழுத்து பேரெழுத்து. சர்வரில் உங்கள் .பாஷ்ஆர்சி-யில் யாரோ ஒரு வரவேற்பு வரியை எக்கோ செய்திருக்கிறார்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக ஒற்றைக் கட்டளையோ எஸ்எஃப்டிபி-யோ ஓடும்போதும் பாஷ் .பாஷ்ஆர்சி-யைப் படிக்கிறது, அந்த வாழ்த்து செய்திப் போக்கில் கலந்து, நீளமாகத் தவறாக வாசிக்கப்படுகிறது.

அந்த எக்கோவைக் காவல் வரிகளுக்குக் கீழே நகர்த்துங்கள். காவல் வரிகளே இல்லையென்றால் (ஃபெடோராவில் இருக்காது) இப்படி எழுதலாம்:

[[ $- == *ஐ* ]] && எக்கோ "வெல்கம்"

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கும் இதே காரணத்தால் தோற்கும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0 முதல், அதாவது 2022 முதல், கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபி-யும் இயல்பாக எஸ்எஃப்டிபி முறையையே பயன்படுத்துவதால் அதற்கும் பொருந்தும்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எல்லா மாணவர்களுக்கும் ஒரே பாத்தும் ஒரே ப்ராக்ஸியும் வேண்டும். ஒவ்வொருவர் .பாஷ்ஆர்சி-யாகத் திருத்துவதா?

பதில்: வேண்டாம். /இடிசி/புரொஃபைல்.டி அடைவில் லேப்.எஸ்ஹெச் என்று ஒரு கோப்பு வையுங்கள். பெயர் .எஸ்ஹெச் என்று முடியாவிட்டால் அது படிக்கப்படாது. ஓட்டும் அனுமதி தேவையில்லை, எல்லாரும் படிக்கும் அனுமதி (644) போதும். உள்ளே எழுதுவது எளிய எஸ்ஹெச் நடையில் இருக்கட்டும். டேஷ் போன்ற வேறு ஷெல்களும் இதைப் படிக்கக்கூடும். இரட்டைச் சதுர அடைப்பு, அர்ரே போன்ற பாஷ் வசதிகளைப் போட்டால் சில லாகின்கள் மட்டும் உடையும், காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

மாறாத சில மதிப்புகள் மட்டும் என்றால் /இடிசி/என்விரான்மென்ட் இன்னும் எளிது. ஆனால் அது ஸ்கிரிப்ட் அல்ல. லாகின் நேரத்தில் பாம் (பயனரைச் சரிபார்க்கும் அமைப்பு) அதை வரி வரியாக, பெயர்=மதிப்பு என்று மட்டுமே படிக்கிறது; $பாத் என்று அங்கே எழுதினால் எழுதியபடியே நிற்கும். /இடிசி/ஸ்கெல்லில் மாற்றினால் இனிமேல் உருவாக்கும் கணக்குகளுக்கு மட்டுமே போகும், ஏற்கெனவே உள்ளவர்களுக்குப் போகாது.

டெஸ்க்டாப் திறந்ததும் ஒரு நிரல் தானாக ஓட வேண்டும் என்றால் அதை .புரொஃபைலில் எழுதாதீர்கள். அந்த நிரல் முடியும்வரை லாகினே நின்றுவிடும். அதற்கென்று ஹோமில் .கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட் அடைவு இருக்கிறது. .பாஷ்_லாகவுட்டை நம்பித் தற்காலிகக் கோப்புகளைச் சுத்தம் செய்யவும் முடியாது. லாகின் ஷெல் முறைப்படி முடியும்போதுதான் அது ஓடும். டெர்மினல் ஜன்னலை மூடினால் ஓடாது.

கேள்வி: டெபியனில் "எஸ்யூ" அடித்து ரூட் (முழு உரிமையுள்ள நிர்வாகி) ஆனபின்னும் ஆட்யூசர் கட்டளை கிடைக்கவில்லை என்கிறது.

பதில்: "எஸ்யூ -" என்று கோட்டோடு அடியுங்கள். வெறும் எஸ்யூ உங்கள் பழைய பாத்தையே ரூட்டுக்கும் வைத்துக்கொள்கிறது. அதில் /யூஎஸ்ஆர்/எஸ்பின் இல்லை. 2019-இல் வந்த டெபியன் 10 முதல்தான் இந்த நடத்தை, அதனால் பழைய பாடங்களில் கோடு இருக்காது. சூடோ (கட்டளையை ரூட்டின் உரிமையோடு ஓட்டும் நிரல்) வைத்திருப்பவர்களுக்கு "சூடோ -ஐ" அதே வேலையைச் செய்யும்.

"சூடோ எல்எல்" ஓடாததற்குக் காரணம் வேறு: எல்எல் நிரல் அல்ல, உங்கள் ஷெல்லின் ஏலியாஸ். .பாஷ்_ஏலியாசஸில் இந்த வரியைச் சேர்த்தால் ஓடும். மேற்கோளுக்குள் கடைசியில் உள்ள இடைவெளி, அடுத்த சொல்லையும் ஏலியாஸா என்று பாஷ்ஷைப் பார்க்கவைக்கிறது.

ஏலியாஸ் சூடோ='சூடோ '

கேள்வி: "எக்கோ $பாத்" என்று பார்த்தால் ஒரே அடைவு நான்கைந்து முறை வருகிறது. கெடுதலா?

பதில்: கெடுதல் இல்லை, ஆனால் பாத் வரியைத் தவறான கோப்பில் வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு அது அடையாளம். .பாஷ்ஆர்சி-யில் இருந்தால் ஷெல்லுக்குள் ஷெல் திறக்கும்போதெல்லாம் ஒருமுறை கூடும். .புரொஃபைலுக்கு மாற்றுங்கள். மாற்றியபின்னும் டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பல பலகங்களாகப் பிரிக்கும் நிரல்) பயன்படுத்துவோருக்கு இரட்டிக்கும், ஏனென்றால் டிமக்ஸ் ஒவ்வொரு பலகத்திலும் லாகின் ஷெல்லைத்தான் தொடங்குகிறது. இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்ப்பதே முறை:

கேஸ் ":$பாத்:" இன்
*":$ஹோம்/டூல்ஸ்/பின்:"*) ;;
*) எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/டூல்ஸ்/பின்:$பாத்" ;;
ஈசாக்

ஈசாக் என்பது கேஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் பின்னிருந்து முன். முதல் வரியில் இருபுறமும் முக்காற்புள்ளி வைத்திருப்பதால் அடைவு வரிசையின் தொடக்கத்தில் இருந்தாலும் கடைசியில் இருந்தாலும் பிடிபடும்.

கேள்வி: கட்டளைகளின் செய்திகள் தமிழில் வர லாங் மாறியை மாற்றினேன். என் கணினியில் சரி. சர்வரில் நுழைந்ததும் "கேனாட் சேஞ்ச் லொகேல்" என்று எச்சரிக்கை வருகிறது. சர்வரில் நான் எதையும் தொடவில்லையே?

பதில்: தொடவில்லை, உங்கள் கணினி கொண்டுபோய்க் கொடுத்தது. டெபியன், உபுண்டுவில் எஸ்எஸ்ஹெச் இயல்பாகவே லாங் மாறியையும், எல்சி_ என்று தொடங்கும் மாறிகளையும் எதிர்முனைக்கு அனுப்புகிறது. அங்குள்ள சர்வரும் ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சர்வரில் தமிழ் லொகேல் (மொழி, நாட்டு அமைப்பு) உருவாக்கப்படாததால் எச்சரிக்கை. "லொகேல் -ஏ" என்று அங்கே அடித்துப் பாருங்கள். டிஏ என்று தொடங்கும் வரி இருக்காது. நிர்வாக உரிமை இருந்தால் "சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொகேல்ஸ்" கட்டளையில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். உரிமை இல்லையென்றால் உங்கள் கணினியிலிருந்து நுழையும்போது மட்டும் மாற்றி அனுப்பலாம்:

லாங்=சி.யூடிஎஃப்-8 எஸ்எஸ்ஹெச் பயனர்@சர்வர்

இதில் லாங், சி, யூடிஎஃப் மூன்றும் பேரெழுத்து. தமிழில் செய்தி வரும் கணினியில் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு கட்டளையின் ஆங்கிலச் செய்தியை கிரெப் என்ற உரை தேடும் கட்டளையால் தேடும் ஸ்கிரிப்ட், செய்தி தமிழில் வந்தால் எதையும் காணாது. அந்த ஒரு கட்டளைக்கு முன்னால் மட்டும் "எல்சி_ஆல்=சி" (இதுவும் முழுக்கப் பேரெழுத்து) என்று எழுதினால் அந்தச் செய்தி ஆங்கிலத்தில் வரும்; மற்றவை தமிழிலேயே இருக்கும்.